பன்னிரண்டு வோல்ட் காயில்

துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கரையோரம் ஆறு வள்ளங்கள் அலையில் ஆடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அம்புரோஸோ வள்ளங்களைக் கரைக்கு இழுக்கும் எங்கள் பழைய பெட்ரோல் டிராக்டருக்குள் தலையை விட்டபடி நின்றார். ஆறு வோல்ட் வண்டி. உப்புக்காற்று அடித்தால் கிளம்பாது. அதனால் எங்கள் வள்ளத்தின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை எடுத்து அதில் மாட்டியிருந்தார்.

"எஞ்சினுக்குப் பொறி குடுக்குற காயில் மட்டும் பழைய ஆறு வோல்ட்டுதான் பிளாரன்ஸ். பன்னெண்டு வோல்ட் காயில் முத்தையாபுரத்துல ஒரு கடையிலயும் இல்ல. இது சூடாகும். எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியல."

"அப்ப நம்ம வள்ளத்த முதல்ல இழுங்க."

அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு மற்ற வள்ளங்களின் பக்கம் நடந்தார். டிராக்டர்காரன் வள்ளம் கடைசியாகத்தான் கரையேற வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். வழக்கமா சோறு போடும்? வள்ளம் உடைந்தால் எங்களுக்கு வேறு பிழைப்பில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிராக்டர் உடனே கிளம்பியது. பக்கத்து வீட்டு ரெக்சனின் வள்ளம் முதலில் ஏறியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. வண்டி நிற்கும்போதெல்லாம் காயில் மேல் ஈரத்துணி போட்டேன். ஆவி பறந்தது. என் வாயும் ஓயவில்லை.

ஐந்தாவது வள்ளம் மணலில் ஏறியதும் எஞ்சின் இருமி நின்றது. மறுபடி கிளம்பவேயில்லை. மிச்சம் கிடந்தது எங்களுடையதுதான். அலை அதைத் தூக்கித் தூக்கித் தரையில் அடித்தது.

"ஊருக்கு நல்லவரா இருந்து முடிஞ்சாச்சா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ரெக்சன் ஓடிவந்தான். "என்ன போச்சுண்ணே?"

"காயில் போச்சுலே" என்றார் அம்புரோஸ்.

அவன் வந்த வேகத்திலேயே தன் மீன் ஏற்றும் பழைய ஆம்னி வேனுக்குத் திரும்பி ஓடினான். அதன் காயிலைக் கழற்றிக் கையில் கொண்டுவந்தான். பன்னிரண்டு வோல்ட் காயில்.

அதை மாட்டி டிராக்டரைக் கிளப்பி எங்கள் வள்ளத்தை மணலில் ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. அடிப்பக்கம் ஒரு கீறல்தான். மூச்சு திரும்பியதும் எனக்குக் கோபமும் திரும்பியது.

"காலையிலேருந்து மனுசன் கடைகடையா அலைஞ்சாரு. உன் வேன்ல இருக்குன்னு சொல்லப்படாதாலே?"

"அவரு காயிலுக்கு அலையுதாருன்னு எனக்கு யாரு சொன்னா மைனி? ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பமே கழட்டித் தந்திருப்பேனே."

அம்புரோஸ் குனிந்து கயிற்றைச் சுருட்டினார். ஊருக்கெல்லாம் ஓடுகிற மனிதருக்கு ஊரிடம் ஒன்று கேட்க மட்டும் நாக்கு எழாது. அவரைச் சொல்ல வாயெடுத்தேன். நாள் முழுக்க ஓயாத இந்த வாயும் யாரிடமும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.