எந்தக் கால் என்று கேட்டாள்

1

இப்போதெல்லாம் ஒரு பேச்சை ஒரு தரம் கேட்டு நம்புகிற ஆள் கிடையாது. கேஸ்காரன் சிலிண்டரை இறக்கிவிட்டு, போனில் வந்த நம்பரைச் சொன்னால்தான் நகருவேன் என்கிறான். ஆஸ்பத்திரி அதைவிட மோசம். குடலிறக்கத்துக்காகத் திருப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரும் பேர் கேட்டார்கள். அந்த எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை. ஆனால் கதை என்னைப் பற்றியது இல்லை, பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றியது. (நான் ஐந்தாவது தாண்டாதவன். நடை பிடிக்காவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

2

"காலைச் சூரியன் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே தன் பொன்..."

அடித்துவிட்டேன். அந்த ஜன்னலில் தெரிந்தது பனியன் கம்பெனிச் சுவர்.

மறுபடியும் ஆரம்பிக்கிறேன். மகுடேஸ்வரன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். சரக்கைப் பார்க்கிற பெண்களை நம்பமாட்டார். ஓட்டை விழுந்த பனியன் ஒன்றைத் தாமே அவர்கள் கட்டுக்குள் செருகிவிட்டு, கண்டுபிடிக்கிறார்களா என்று ஓரமாக நின்று பார்ப்பார். இப்போது வலது முழங்கால் தேய்ந்துபோய், மூட்டு மாற்ற வந்திருந்தார்.

3

ஆபரேஷன் செய்யவேண்டிய காலில் டாக்டர் வந்து அடையாளம் போடுவதற்கு முன்னால் நர்ஸ் ஜனனி வந்தாள்.

"பேரு சொல்லுங்க சாமி."

"ஏங்கண்ணு, நேத்து சொன்ன பேரை இன்னைக்கு மாத்திக்குவனா?"

"கேக்காம ஊசிகூடப் போட மாட்டோமுங்க."

"மகுடேஸ்வரன்."

"எந்தக் காலுங்க ஆபரேஷன்?"

"இடது."

(இது என் கற்பனை இல்லை. காதால் கேட்டேன். முந்தின நாள் முழுக்க வலது காலைப் பிடித்துக்கொண்டு முனகியவர் அவர்.)

ஜனனி எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எந்தக் காலுங்க?"

"இடதுன்னு சொன்னனல்ல? காது செவிடாப் போச்சா?"

அவள் படத்தைக் கீழே வைத்தாள். டாக்டரைக் கூப்பிடப் போனாள். மகுடேஸ்வரன் என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "புடிச்சுட்டா பாருங்க. தேறிட்டா."

4

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜனனியை இவ்வளவு கெட்டிக்காரியாக எழுதினால் ஆஸ்பத்திரி விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அவளைத் தூக்கக் கலக்கத்தில் நிறுத்தினால் நல்ல காலில் கத்தி இறங்கி, கதை கண்ணீரும்... வேண்டாம். நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் தீனதயாளன் வந்தார்.

"வலதுதானுங்க டாக்டர். புள்ள கவனிக்குதான்னு பார்த்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதான்னு நேத்து கேட்டமுங்க. ஒண்ணும் இல்லைன்னீங்க. அதுவும் இப்படித்தானுங்களா?"

மகுடேஸ்வரன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க. மயக்கம் குடுத்ததுக்கப்புறம் உங்களைக் கேக்க முடியாதுங்க."

"படிச்சவங்க நீங்க. நீங்கதான் கண்டுபுடிக்கோணும்."

"உங்க ஒடம்புக்கு ஆகாதது உங்களுக்குத்தானுங்களே தெரியும்?" என்றாள் ஜனனி.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னைக்கு ஆபரேஷன் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

5

என்னிடம் இரண்டு முடிவு இருக்கிறது. ஒன்றில், ஏதோ ஓர் ஊசிக்கு முன்பொரு தரம் அவருக்கு முகம் வீங்கி மூச்சடைத்திருக்கிறது. அதை வேண்டுமென்றே மறைத்தார். மற்றதில் அப்படி ஒன்றுமே கிடையாது, வெறும் வீம்பு. எது நெசம் என்று அவரையே கேட்டேன். "நீங்க என்ன டாக்டரா?" என்றார்.

எனக்குத் தெரியாததை நான் எழுதமாட்டேன். நீங்கள் வேண்டுமானால் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தப்பான முடிவைப் போட்டால், ஊசி ஏறப்போவது அவர் உடம்பில்.

துணிப்பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வேறு ஆஸ்பத்திரி பார்க்கிறாராம். ஜனனி வாசல்வரை கூடவே போனாள்.

"எங்க போனாலும் மருந்துச் சமாச்சாரத்தை மட்டும் நெசமாச் சொல்லீருங்க சாமி."

"அவங்க கண்டுபுடிக்கறாங்களான்னு பாக்கலாம்," என்றார் மகுடேஸ்வரன். கம்பியைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார்.