ஆளுக்கு நாலு டின்

டின்னில் அடைத்த இறைச்சி என்றாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். அந்த இறைச்சி ஃபேக்டரியில் பதினாறு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்பார்கள். அங்கே வேலை பார்ப்பதால்தான் பேசுகிறேன். டின்னுக்குள் போவதற்கு முன்னால் அது வெளிர்சிவப்புக் கூழாகக் குழாயிலிருந்து பிதுங்கி விழுவதை ஒரு நாள் நின்று பார்த்தால் போதும், யாருக்கும் ஆசை விட்டுப்போகும்.

இதை நான் மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டதும் இல்லை. எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் வறுக்கிற வாசனை வந்தாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் நகருவேன். பக்கத்து வீட்டு டிரைவர் பெண்டாட்டி என்னைப் பார்த்தாலே சட்டியை மூடிவிடுவாள். என் வாய் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை வேறு மாதிரிப் போயிருக்கும். அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நான் கோபப்பட வேண்டியவர்கள் வரிசையில் எனக்குக் கடைசி இடம்தான்.

ஃபேக்டரியில் என் வேலை தட்டுவது. வெந்து ஆறிய டின்கள் பலகையில் வரிசையாக வந்து நிற்கும். கையில் ஒரு சாண் இரும்புக் கம்பி. மூடிமேல் ஒரு தட்டு. காற்றுப் புகாமல் மூடியிருந்தால் கணீர் என்று கேட்கும். மூடியில் எங்கேயாவது இடைவெளி இருந்தால் சத்தம் செத்துப்போய், ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் வரும். ஒரு நாளைக்கு ஆறாயிரம் டின். தூக்கத்தில்கூட என் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் ஒரு ஸ்கூலில் வாட்ச்மேன். உலகத்தில் அவருக்குப் பிடித்த சாப்பாடு இந்த டின் இறைச்சிதான். என் தலையெழுத்து. அதற்கு அவரிடம் ஒரு முறை இருக்கிறது. டின்னைக் கவிழ்த்து, கட்டியாக எடுத்து, கத்தியை அடிக்கடி நனைத்துக்கொண்டு மெல்லிசாக வெட்டுவார். எண்ணெய் விடமாட்டார், அதன் கொழுப்பிலேயே அது வேக வேண்டுமாம். ஓரமெல்லாம் கருத்து மொறுமொறுவென்று வந்த பிறகு வெங்காயமும் மிளகும் போட்டு, ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். வெட்டும்போதே பச்சையாக இரண்டு துண்டு வாயில் போய்விடும். பதினைந்து வருடமாகத் திட்டுகிறேன், காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஃபேக்டரியில் எங்களுக்கு இனாம் டின் கொடுப்பார்கள். ஏற்றி இறக்கும்போது அமுங்கிப்போனவை கடைக்குப் போகாது. ஆளுக்கு இரண்டு என்று எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் தருவார்கள். எந்த நாள் போட்டது, எந்த ஷிஃப்ட் போட்டது என்பதெல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கும். அமுங்கிய டின்னில் கெடுதல் இல்லை. உள்ளே இருக்கும் சரக்கு நல்ல சரக்குதான், நல்லது என்று அதைச் சொல்லலாம் என்றால்.

கெட்ட டின் கதை வேறு. அதில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, பின்புறக் குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். அமுங்கினால் லோடுமேன் மேல் குற்றம். கெட்டுப்போனால் மூடி அடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் மேல் குற்றம். எங்கள் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்.

எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். இரண்டு வருடமாகத் தன் ஷிஃப்டில் ஒரு டின்கூடக் குழிக்குப் போனதில்லை என்பது அவனுக்குப் பெரிய பெருமை. மேனேஜர் அதைச் சொல்லி நாலு பேர் முன்னால் அவன் தோளைத் தட்டியதிலிருந்து அண்ணன் கால் தரையில் படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் மெஷின் போட்ட சரக்கில் பத்துக்கு ஆறு செத்த சத்தம். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நகம் தட்டியது. அங்கே மூடி மடங்கவில்லை. மீதியையும் நம்ப முடியாது என்று அந்தச் சரக்கு அறுநூறு டின்னுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அண்ணன் வந்து பார்த்தான். குழிக்குத்தான் போகணும் என்றேன். தலையை ஆட்டினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை டின் கொடுக்க அவனே மேஜையில் உட்கார்ந்திருந்தான். இந்த வாரம் ஆளுக்கு நாலு என்றதும் வரிசையில் ஒரே சந்தோஷம். நூற்றைம்பது பேரும் வாயெல்லாம் பல்லாகப் பை நிறைய வாங்கிக்கொண்டு போனார்கள். என் பையில் அவனே நாலை எடுத்துப் போட்டான். எனக்குத்தான் அந்தச் சனியனைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காதே. பையை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு டின்னைத் திறந்து வெட்டிவிட்டார். சட்டியில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. மீதி மூன்று டின்னும் மேஜையில் நின்றன. மூன்றிலும் பள்ளம். மூன்றிலும் நடுவில், ஒரே அளவில். கைதவறி விழுகிற டின் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிதான் அமுங்கும். இவை யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடித்தவை.

கரண்டியை எடுத்து ஒன்றைத் தட்டினேன். செத்த சத்தம். அடுத்தது, அதற்கடுத்தது. விளிம்பில் நகத்தை ஓட்டினேன். அதே இடத்தில் தட்டியது.

அடுப்பை அணைத்தேன். சட்டியோடு தூக்கித் தொட்டியில் போட்டேன். அவர் பதறிக்கொண்டு என்ன ஏது என்று கேட்டார்.

"பச்சையா எத்தனை துண்டு தின்னீங்க?"

"ரெண்டு. இல்ல, மூணு. ஏன்?"

அவருக்குப் பதில் சொல்ல நான் நிற்கவில்லை. தெருவுக்கு ஓடினேன். எங்கள் குடியிருப்பில் நாலு வரிசை வீடுகள், எல்லாம் ஃபேக்டரிக்காரர்கள். சனிக்கிழமை ஒரு மணி. எல்லா ஜன்னலிலிருந்தும் அந்த வாசனை வந்துகொண்டிருந்தது.

முதலில் டிரைவர் வீடு. அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தன. தட்டைப் பிடுங்கினேன். குழந்தைகள் அலறின. உள்ளேயிருந்து வந்த டிரைவர் பெண்டாட்டியிடம் கெட்ட டின், செவ்வாய்க்கிழமை சரக்கு, சாப்பிடாதே என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அக்கா, நீங்க எந்த டின்னைத்தான் நல்ல டின்னுன்னு சொல்லியிருக்கீங்க?"

அடுத்த வீட்டிலும் சிரித்தார்கள். அதற்கடுத்த வீட்டில், நன்றாக வறுத்துவிட்டால் எதுவும் செத்துப்போகும், நீ போய் உன் வேலையைப் பார் என்றார்கள். ஒரு கிழட்டு லோடுமேன் என் கண்ணெதிரே ஒரு துண்டை வாயில் போட்டு, ரசித்து மென்று காட்டினார். கத்தினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். கத்தக் கத்த அவர்களுக்கு வேடிக்கை அதிகமானது. பதினாறு வருடமாகக் கண்ட நேரத்திலும் கத்திக்கொண்டிருந்தவள் இன்றைக்குக் கொஞ்சம் உரக்கக் கத்துகிறாள், அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குப் போனேன். அது அண்ணன் வீடு. அவன் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரோ கீழே இருக்கிறவன் அவனுக்குத் தெரியாமல் செய்த வேலையாக இருக்கும் என்றுதான் அதுவரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணி அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். டின் எங்கே என்று கேட்டேன்.

"இந்த வாரம் நமக்கு வேண்டாம்னு சொல்லிட்டார். ஆச்சரியமா இருக்குல்ல? பசங்க முகத்தைத் தூக்கி வச்சிட்டு உட்கார்ந்திருக்காங்க."

அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்துதான் நடந்திருக்கிறது. அண்ணன் உள்ளே லுங்கியும் சட்டையுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். சட்டையைப் பிடித்தேன். அவனை நான் சின்ன வயதில்கூட அடித்ததில்லை. அன்றைக்கு இழுத்த இழுப்பில் பொத்தான் இரண்டு தெறித்தது. பத்தில் ஒன்றிரண்டுதான் கெட்டிருக்கும், நன்றாக வறுத்தால் ஒன்றும் ஆகாது, ஏன் ஊரைக் கூட்டுகிறாய் என்று வழியெல்லாம் முணுமுணுத்தான். பத்தில் ஆறு என்று எண்ணிச் சீட்டு ஒட்டியவள் நான். என்னிடமே கணக்குச் சொல்கிறான்.

தெரு நடுவில் அவனை நிறுத்தினேன். லோடுமேன் கையிலிருந்த தட்டை வாங்கி அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். சூப்பர்வைசரைச் சட்டையோடு இழுத்து வந்ததைப் பார்த்ததும் எல்லா வாசலிலும் ஆள் வந்துவிட்டது.

"சாப்பிடு அண்ணா. ஒரே ஒரு துண்டு. நல்லா வறுத்ததுதான்."

அவன் தட்டைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. கையை நீட்டி ஒரு துண்டை எடுக்கக்கூடச் செய்தான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். வாய் திறக்கவில்லை. எதிரே நின்ற டிரைவர் பெண்டாட்டி சிரிப்பை நிறுத்தியதை நான் பார்த்தேன். அவன் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு ஆள் ஓடியது. சட்டிகள் சாக்கடையில் கவிழ்ந்தன. டிரைவர் தன் குழந்தைகளின் வாயில் விரலை விட்டுக்கொண்டிருந்தார். சிலர் அண்ணனை அடிக்கப் பாய்ந்தார்கள், சிலர் தடுத்தார்கள். எனக்கு அடிப்பவர்கள் மேலும் கோபம், தடுப்பவர்கள் மேலும் கோபம். அரைமணி நேரமாகத் தொண்டை கிழியச் சொன்னபோது கேட்காத ஜனம், அவன் வாயை மூடிக்கொண்டதும் கேட்டுவிட்டது.

யார் யார் சாப்பிட்டீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்தோம். மற்ற வரிசைக்காரர்கள் கிடைத்த ஆட்டோவில் கிளம்பினார்கள். டிரைவர் ஃபேக்டரி வேனையே எடுத்து வந்தார். அதில் இருபத்து மூன்று பேர், மடியில் குழந்தைகளோடு. பச்சையாகத் தின்றவர்களை முன்னால் உட்காரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. நான் அவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள்ளேயே பேசியிருக்கலாம், இப்படித் தெருவில் நிறுத்திவிட்டாயே என்றான். அழுதான்கூட.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் பையிலயும் நீதானே அண்ணா எடுத்துப் போட்டே?"

அவன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னான்.

"உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்மா. நீதான் இதைத் தொடவே மாட்டியே."

என் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். அண்ணன் அப்போதுதான் அவரைக் கவனித்தான். நான் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.