அமைச்சர் வீட்டு நோ-பால்

மத்திய அமைச்சர் சுந்தரேசனின் பேரன் கௌஷிக், பிறந்ததிலிருந்து கிரிக்கெட்டில் ஒருமுறைகூட அவுட் ஆனதில்லை. பையன் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு வயதுக் குழந்தை. மட்டையைத் தூக்கவே மூச்சு வாங்கும். ஆனால் அந்த டெல்லி பங்களாவின் புல்தரையில் பந்து போடுபவர் காவலுக்கு நிற்கும் பல்பீர். பந்து பொறுக்குபவர்கள், அமைச்சரைப் பார்க்கத் தொகுதியிலிருந்து வந்து காத்துக்கிடக்கும் கட்சிக்காரர்கள். ஸ்டம்ப் விழுந்தால் போதும், "நோ-பால்!" என்று கோரஸாகக் குரல் வரும். ஒருவர் ஓடிப்போய் ஸ்டம்பை நட்டுவைப்பார். யாருக்கு வந்த வம்பு!

வம்பு கௌஷிக்கின் அம்மா சுபாஷிணிக்குத்தான் வந்தது. அன்று மதியம் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். "அவுட்" என்று சொன்ன பையனின் கையைக் கௌஷிக் கடித்துவிட்டானாம். வகுப்பில் யாருமே அவனோடு விளையாட வருவதில்லையாம். இடைவேளையில் சுவரோரமாகத் தனியாக நிற்கிறானாம். டீச்சர் அதைச் சொன்னபோது சுபாஷிணிக்கு மகனை நினைத்துப் பாவமாக இருந்தது. காரில் திரும்பும்போது அது கோபமாக மாறியது. எல்லோருமாகச் செல்லம் கொடுத்து, பிள்ளையை ஒருத்தருக்கும் வேண்டாதவனாக ஆக்கிவிட்டார்களே! இன்றைக்கு இவன் அவுட் ஆகாமல் தூங்கப்போவதில்லை என்று முடிவு கட்டினாள்.

சாயங்காலம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு புல்தரையில் இறங்கி, பல்பீரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டாள். வராந்தாவில் சுந்தரேசன் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஐயா பாத்துக்கிட்டிருக்காரு," என்று செயலாளர் ராமமூர்த்தி ஓடிவந்து கிசுகிசுத்தார்.

"பாக்கட்டும்."

பந்து மட்டைக்கு அடியில் புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. "நோ-பால்!" என்றது கோரஸ்.

"அவுட்," என்றாள் சுபாஷிணி.

கௌஷிக் நம்பாமல் பார்த்தான். பிறகு மட்டையை வீசியெறிந்துவிட்டு, புல்லில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டினான். ராமமூர்த்தி சாக்லெட்டோடு ஓடினார். அவள் பார்த்த பார்வையில் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா சுபா, குழந்தைதானே? இன்னொரு பால் போட்டாத்தான் என்ன?" என்றார் சுந்தரேசன் வராந்தாவிலிருந்து. அந்தக் குரலுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அவள் கணவனே அப்பாவுக்குத் தலையாட்டிப் பழகியவன்தான்.

ஆனாலும் சுபாஷிணி சொன்னாள். "குழந்தையா இருக்கறப்பவே பழகட்டும் மாமா. ஸ்கூல்ல இவன்கூட ஒரு பிள்ளை சேர மாட்டேங்குது. அவுட்னா அவுட்தான்."

சுந்தரேசன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மட்டையை எடுத்தார். "சரி, எனக்குப் போடு பாப்போம்." விளையாட்டாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை.

அவள் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை. ஸ்டம்ப் பறந்தது.

"நோ-பால்!" இந்த முறை குரல் இரண்டு மடங்காக வந்தது. அமைச்சர் மட்டையைத் தட்டிக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானார்.

கௌஷிக் அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தான். "நோ-பால் இல்ல! தாத்தா அவுட்! நான் பாத்தேன்!"

சுந்தரேசன் சுற்றிலும் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. மட்டையைப் பேரனிடம் நீட்டினார்.

சுபாஷிணி மகனையே பார்த்தாள். இவன் மறுபடி போய் ஸ்டம்புக்கு முன்னால் நின்றால் எல்லாம் பாழ். கௌஷிக் ஸ்டம்பைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"நானும் அவுட்தானே?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்துபோய் மட்டையை பல்பீரிடம் கொடுத்தான். பல்பீருக்குக் கை ஓடவில்லை. உத்தரவு கேட்பதுபோல் அமைச்சரைப் பார்த்தார்.

"அங்கே பாக்காதீங்க, பல்பீர் அண்ணா. பந்தைப் பாருங்க," என்று இந்தியில் சொல்லிவிட்டு, சுபாஷிணி பந்தை மகன் கையில் கொடுத்தாள்.