எதிர்த்தரப்பு

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பேர். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது சொல்வாள். குழம்பில் உப்புக் கூடவா குறைவா என்பதற்கே அம்மாவோடு அரைமணி வழக்காடுவாள். அப்பேர்ப்பட்டவள் சட்டக் கல்லூரி விடுதிக்கு வந்தபின் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிட்டாள், கண்ணுகளா. பேச ஆள் வேண்டாமா?

அறைத்தோழி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செயற்கை நுண்ணறிவோடு வாதாடுவாள். அடுத்த அறையிலும் அதே கதைதான். நூலகத்தில், கூடிப் பேசுவதற்கென்று கட்டிய அறையில், நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன.

மாதிரி நீதிமன்றப் போட்டி வந்தது. தேர்வாகும் இருவர்தான் கல்லூரி அணி. அணியில் சேர்ந்துவிட்டால் தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச உயிரோடு ஒருத்தி கிடைப்பாள். வாயாடிக்கு வேண்டியது அதுதான். கோப்பை யாருக்கு வேண்டும்!

"எனக்கு எதிர்த்தரப்பா கொஞ்சம் உட்காரேன்டி," என்று தோழியைக் கெஞ்சினாள்.

"மெஷின் எதுக்கு இருக்கு? அது கொட்டாவி விடாது, உன்னை மாதிரி கோச்சுக்கவும் செய்யாது."

வேறு வழியின்றி இவளும் அதனோடு உட்கார்ந்தாள். மகா மரியாதைக்கார மெஷின். இவள் சற்றே குரலை உயர்த்தினால் போதும், 'மன்னிக்கவும், நீங்கள் சொல்வதும் சரிதான்' என்று இறங்கி வந்துவிடும். கேட்டுக் கேட்டு அந்தப் பணிவு இவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. இவளுக்கே அது தெரியாது.

அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளன்று இவள் வாடகைக்கு இருப்பவருக்காக வாதாட நின்றாள். வீட்டுக்காரர் தரப்பில் பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் குட்டைப் பெண். அவள் மேஜையைத் தட்டினாள். "முறைப்படி நோட்டீஸ் கொடுத்தாயிற்று. அவர் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும்!"

இவளுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. ஒரு மனுஷி முகத்துக்கு நேரே மறுத்துப் பேசி எத்தனை காலம்! அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்தது: "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதும் சரிதான்."

நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "என்னம்மா, உன் கட்சிக்காரரை நீயே தெருவுல நிறுத்திட்டே?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அணியில் இடம் பட்டாசுக்கும் அறைத்தோழிக்கும் போயிற்று.

மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, என்கூடக் கொஞ்சம் சண்டை போடேன்."

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நான் என்ன சொன்னாலும் தப்புன்னு சொல்லு."

"உன்கிட்ட வாய் கொடுத்து யாரால மீள முடியும்? நீ சொல்றதுதான் சரி, தங்கம். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள், சாப்பிடாமலே. 'பொய் சொல்றேடி' என்று அம்மா பாய்வாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்போ சரி," என்றாள் அம்மா.