பத்தே பார்வையில்

பட்டியலில் பெயர் தேடுவதில் தன்னை அடிக்கத் தென்காசியில் ஆளில்லை என்று நாறும்பூநாதன் பீற்றிக்கொள்வான். பொய்யும் இல்லை. பர்மாவிலிருந்து கப்பலில் திரும்புகிறவர்களின் பெயர்கள், எழுத்து வரிசையில் டைப் அடித்து, அவன் வேலை பார்த்த உதவிச் சங்கத்துக்கு வரும். அறுநூறு பெயர் என்றால் முந்நூறாவதைப் பார்ப்பான். தேடுகிற பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? வராத பாதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி பாதியாக்குவான். பத்தே பார்வையில் முடிந்துவிடும். கூட இருந்த ஏசுவடியானோ அளவுகோலை வைத்து முதல் பெயரிலிருந்து ஊர்ந்து வருவார். ஒருநாள் இருவருக்கும் போட்டி. ஆளுக்கு இருபது பெயர். கால் மணியில் முடித்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் ரங்கூன விட்டே கெளம்பலியா?" என்றான். பாவம், மனுஷன் சிரித்துவைத்தார்.

1964 ஆனி மாதம், மெட்ராஸில் ஒரு கப்பல் வந்து சேர்ந்த மறுநாள், ரஹ்மத் வந்தாள். கடையநல்லூர்க்காரி. புருஷன் பெயர் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினாள். சேக் மைதீன், பன்னிரண்டு வருஷமாக ரங்கூனில் இருப்பவன். அன்று ஏசுவடியான் லீவு. குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. குளிக்கப் போகும் அவசரம் நாறும்பூநாதனுக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இந்தக் கப்பல்ல இல்லம்மா."

"நல்லாப் பாத்தியளா சார்?"

"நான் பாத்தா பாத்ததுதான்."

அவள் போய்விட்டாள். இவன் பஸ் ஏறினான்.

பதினைந்தாம் நாள் மெட்ராஸிலிருந்து சங்கத்துக்குக் கார்டு வந்தது. அதே கப்பலில் வந்த சேக் மைதீன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். தேடி யாரும் வராததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாறும்பூநாதன் அந்தக் கப்பலின் தாள்களை எடுத்தான். பட்டியலை முதல் பெயரிலிருந்து வரிவரியாகப் படித்தான். எழுத்து வரிசை முடிந்த பிறகு, கடைசித் தாளில் இன்னும் பதினொரு பெயர். கடைசி நேரத்தில் தூக்கிவந்து ஏற்றிய நோயாளிகள். ஏற்றிய வரிசைப்படியே சேர்த்திருந்தார்கள். அதில் ஏழாவது பெயர் சேக் மைதீன். வரிசையில் இல்லாத பெயர் இவன் வித்தைக்குச் சிக்காது என்பது தெரியாதவனா இவன்? தெரிந்தும் அந்தத் தாளைப் புரட்டவில்லை, பாவி.

கார்டை அவனே கடையநல்லூருக்குக் கொண்டுபோனான். எதையும் மறைக்காமல் சொன்னான். ரஹ்மத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வந்து எறங்கி எத்தன நாளு உசுரோட இருந்தாவ?"

"ஒம்பது நாளும்மா."

"மொதல்லருந்து படிச்சா எம்புட்டு நேரமாவும்?"

"முக்கா மணி நேரம்."

"பன்னெண்டு வருசம் காத்துக் கெடந்தவ, அந்த முக்கா மணி நேரம் காத்திருக்க மாட்டனா சார்?"