வயிற்றைக் கட்டி

நாள் முழுவதும் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். "நல்லா திறங்க, இன்னும் கொஞ்சம்" என்று தூக்கத்தில்கூட நான் சொல்வதாக என் கணவர் கேலி செய்வார். ஆனால் என் வாய் மட்டும் இரண்டு வருடமாக உண்மைக்குத் திறக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் நன்றாகவே திறந்தது.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சிலிகான் பட்டை இருக்கிறது. சுருக்குப்பையின் கயிறு மாதிரி இரைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மூடியில் முடிகிறது. அந்த மூடியில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். இறுகியிருக்கும்போது நாலு வாய்க்கு மேல் இறங்காது. மெல்லாமல் விழுங்கினால் நடு நெஞ்சில் நின்றுகொண்டு உயிரை வாங்கும். கல்யாணத்துக்கு முன்னால், உடம்பு இளைப்பதற்காக, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊருக்குப் போய் இதை வைத்துக்கொண்டேன். கூட வந்தது என் அம்மா மட்டும். "உயிரே போனாலும் இதை வெளிய சொல்லாதே" என்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

என் மாமியார் சம்பந்தம் பேச வந்த அன்று, அலமாரியில் மறைக்க மறந்துபோன ஒரு பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது உங்க பெரிய பொண்ணா?" என்று கேட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். அம்மா மட்டும் அசரவே இல்லை.

"அதுவும் இவதாங்க. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இளைச்சுட்டா."

அம்மா சொன்னதில் பாதி சத்தியமான உண்மை. வயிற்றைக் கட்டியது கட்டியதுதான். கட்டியவர் யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அந்த ஒரு வாக்கியம் என் மாமியாருக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர் அவர். கூடத்தில் அவருடைய தையல் மெஷின்தான் ராஜா, நாங்களெல்லாம் அதற்கு வழிவிட்டு நடக்க வேண்டும். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். துணி வாங்க வருகிறவர்களிடம் அந்த டேப்பை நீட்டி என்னைக் காட்டுவார். "என் மருமக. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இளைச்சவ. என்னா கட்டுப்பாடு தெரியுமா!" நான் சிரிப்பேன். அடக்கமான சிரிப்பு என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இதோடு போயிருந்தால், ஏதோ நாலு பேர் நல்லவிதமாகச் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த வீட்டில் என் நாத்தனார் இருந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பன்னு. குழந்தையில் கன்னம் உப்பியிருந்ததால் வைத்தது. கன்னம் வளர்ந்தது, அவளும் வளர்ந்தாள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. பஸ் கம்பெனி ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறாள். கலகலப்பானவள். நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பயணிகள் பேசுகிற மாதிரியெல்லாம் பேசிக்காட்டி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பாள். என்னைப் பார்த்த பிறகுதான் மாமியாருக்கு அவளையும் இளைக்கவைக்கலாம் என்ற யோசனை வந்தது. "அண்ணியால முடிஞ்சது உன்னால முடியாதா?" என்று ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டுக்கு முன்னால் அவளை மெஷின் பக்கத்தில் நிற்கவைத்து இடுப்பை அளப்பார். குறைந்திருந்தால் தட்டில் ஒரு கோழித் துண்டு கூடும். குறையாவிட்டால் ஒரு துண்டு போகும். பன்னு கையைத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நிற்பாள். நான் சமையலறைக்குள் போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவேன், அது ஏற்கெனவே கழுவினதாக இருந்தாலும்.

ஒருநாள் அந்தச் சமையலறைக்கே வந்து கேட்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதா? எப்படி அடக்குனீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனசு வச்சா முடியும் பன்னு" என்றேன். நாக்கு கூசாமல் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

மனசு வைத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் க்ளினிக்குக்கு அடுத்த கடை ஐஸ்கிரீம் கடை. பல் பிடுங்கியவர்களுக்கு எங்கள் டாக்டரே ஐஸ்கிரீம் சாப்பிடச் சொல்லி அனுப்புவார். பல் பிடுங்காத நானும் போய் வாங்கிவருவேன். பட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. ரொட்டியை நிறுத்தும், இறைச்சியை நிறுத்தும், உருகி ஓடுவதை நிறுத்தத் தெரியாது. எக்ஸ்ரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவைக் கையால் சூடுபண்ணி, உருகவிட்டுக் குடிப்பேன். எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று வெளியே யாரும் தட்ட மாட்டார்கள். வயிற்றைத்தான் கட்டினேன், வாயைக் கட்டவே இல்லை. கடைசியில் என் பாவாடைக் கொக்கி மாட்ட மறுத்தது. மாமியாரின் டேப் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று எனக்குக் குலை நடுங்கியது.

அதனால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், க்ளினிக்கில் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் பட்டையை இறுக்கிக்கொண்டேன். "ரெண்டு நாள் தண்ணியாவே குடிங்க, அப்புறம் மசிச்சுச் சாப்பிடுங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். வீட்டில் போய் மறுநாளே தண்ணீராகக் குடித்தால் ஏன் என்று கேட்க மாட்டார்களா? மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் ஒன்றாக உட்காரும் நாள்.

அன்று பன்னுவின் இடுப்பு குறையவில்லை. மாமியார் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவள் தட்டிலிருந்து கோழித் துண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அரைத் துண்டு ரொட்டியும் வேகவைத்த காயும் மிச்சம் இருந்தன. "உங்க அண்ணியும் மனுஷிதானேடி" என்றார். நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, என் தட்டில் இருந்த கோழியை அவசரமாகப் பிய்த்து வாயில் போட்டேன். மெல்லக்கூட இல்லை.

நின்றுவிட்டது. நெஞ்சுக்கு நடுவில் ஆணி அடித்தது மாதிரி நின்றுவிட்டது. வாயெல்லாம் எச்சில் ஊறிப் பெருகியது. வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். நுரை நுரையாக, கயிறு கயிறாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தத் துண்டு, போனது போனபடியே வெளியே வந்து விழுந்தது. நான் குழாயைத் திறந்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். தின்னவும் துப்பில்லை, தின்னாமல் இருக்கவும் துப்பில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கதவுக்கு வெளியே மாமியாரின் குரல் கேட்டது. மெதுவான குரல். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"கதவைத் தொறம்மா. எனக்கு எல்லாம் தெரியும்."

திறந்தேன். உள்ளே வந்து, துவாலையை நனைத்து என் முகத்தைத் துடைத்தார்.

"வயித்துல இருக்கிறதை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்?"

என் கை தானாக அந்த மூடி இருக்கும் இடத்துக்குப் போனது. அதை அவரும் பார்த்தார், சிரித்தார்.

"உங்களுக்கு... எப்படித் தெரியும் அத்தை?"

"எனக்கென்ன கண்ணில்லையா? சாப்பாட்டைக் கண்டா ஒதுங்குறே. எதைத் தின்னாலும் ஓடுறே. நேத்து உன்னை ஆஸ்பத்திரி வாசல்ல பார்த்தேன்னு பக்கத்து வீட்டுக்காரி காலையிலேயே வந்து சொல்லிட்டா."

"பயமா இருந்துச்சு அத்தை. அதான் சொல்லல."

"இதுல பயப்பட என்னடி இருக்கு? ஊர் உலகத்துல நடக்காததா?"

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"கோவமா? பைத்தியக்காரி."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருடம் செத்துச் செத்துப் பிழைத்தேன்? அவர் தோளில் சாய்ந்தேன். அந்த டேப் என் கன்னத்தில் உறுத்தியது, அதுகூட இதமாக இருந்தது.

"பன்னுகிட்டயும் சொல்லிடலாம் அத்தை. பாவம் அவ. அவளுக்குத் தெரியணும்."

"அவதான்டி முதல்ல சந்தோஷப்படுவா. வா, இப்பவே சொல்லிடலாம்."

நிஜம்தான், சந்தோஷப்படுவாள் என்று நானும் நினைத்தேன். அண்ணி மனசு வைத்து ஒன்றும் சாதிக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி! மாமியார் என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துப்போனார். என் கணவர் என்னமோ ஏதோ என்று எழுந்து நின்றார்.

"உன் பொண்டாட்டி ஒரு விஷயம் சொல்லப் போறா, கேட்டுக்கோ" என்றார் மாமியார். நான் வாயைத் திறந்தேன். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. "நானே சொல்லிடுறேன். டேய், நீ அப்பா ஆகப் போறே. பன்னு, நீ அத்தைடி!"

நாற்காலி ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. என் கணவர் ஓடிவந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமா? நிஜமா?" என்று அதையே கேட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, சீருடைத் துணியில் சின்னச் சட்டை தைக்கக் கூடாது, மெல்லிசுத் துணியாக வாங்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா இருந்துவிடு. இரண்டு வாரம் போகட்டும். அப்புறம் கலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பரிதாபம்தான் படுவார்கள். இந்த வாந்திக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். இத்தனையும் ஒரே மூச்சில் என் மண்டையில் ஓடிமுடிந்தது. ஐஸ்கிரீமை உருக்கிக் குடித்ததற்கு வெட்கப்பட்டிருக்கிறேன், குண்டாக இருந்த என் பழைய போட்டோக்களைக் கிழித்ததற்கு வெட்கப்பட்டிருக்கிறேன். இந்த யோசனை வந்ததற்கு நான் கூசியது போல வாழ்நாளில் எதற்கும் கூசியதில்லை.

பன்னு எழுந்துவந்தாள். என்னை உட்காரவைத்தாள். அவள் தட்டில் மிச்சமிருந்த அந்த அரைத் துண்டு ரொட்டியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"இனிமே நீங்க ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் அண்ணி. வாயைக் கட்டாதீங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் கையைப் பிடித்து என் வயிற்றில், அந்த மூடியின் மேல் வைத்தேன். அழுத்தினேன். குழந்தை வளர்வதைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"என்ன அண்ணி, கல்லு மாதிரி இருக்கு?"

"அது கொழுப்புக் கட்டி" என்றார் என் கணவர். அவரிடம் நான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

"கட்டி இல்ல. ஆபரேஷன்ல வச்சது. இரைப்பையில பட்டை போட்டுக் கட்டியிருக்கு, அதுல தண்ணி ஏத்துறதுக்கு இந்த மூடி. நேத்து அதுக்குத்தான் ஆஸ்பத்திரி போனேன். அதனாலதான் வாந்தி. புள்ளை இல்ல." மூச்சு வாங்கியது. "வயித்தைக் கட்டினது டாக்டர், பன்னு. நான் ஒண்ணும் பண்ணல. மனசெல்லாம் வைக்கல. என்னால ஒருநாள்கூடப் பசியை அடக்க முடிஞ்சதில்ல."

அதுவரை பிடித்திருந்த என் கையை என் கணவர் விட்டுவிட்டார். கோபமாக விடவில்லை, பிடித்திருந்ததை மறந்துபோனது மாதிரி விட்டார். "கட்டின்னு சொன்னியே" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப... ஒண்ணும் இல்லையா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்ல அத்தை."

அவர் மெஷின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். அவரை ஏறிட்டுப் பார்க்க எனக்கு முகமில்லை.

பன்னு என் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். அறைவாள் என்று நினைத்தேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் அறையவில்லை. என் தட்டில் வைத்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நின்றபடியே கடித்தாள். பிறகு கிண்ணத்தை இழுத்து, அவள் அம்மா எடுத்துப் போட்டிருந்த கோழித் துண்டைத் தேடி எடுத்தாள். அந்த வீட்டில் அவள் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பன்னு" என்று மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

அவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து வாயோரம் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வருஷமா எனக்குப் பசி அண்ணி" என்றாள்.