சர்வேயர் காரின் புகைக்கோடு

சர்வேயரின் காரிலிருந்து வந்த புகை, அந்த வருடம் மழைக்காலம் முடிந்த வாரத்திலிருந்து கலைவதை நிறுத்திக்கொண்டது. கார் போன வழியெங்கும் மார்பளவு உயரத்தில், முன்கை பருமனில், சாம்பல் நிறக் கயிறு போல நின்றது. காற்றடித்தால் லேசாக ஆடியது, தூறல் விழுந்தால் கொஞ்சம் கறுத்தது. மறுநாள் காலை கார் கிளம்பிப் புதுக் கோடு போடும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனது. அதே வாரத்தில் சிமெண்டும் சமையல் எண்ணெயும் விலை ஏறியதால் ஊருக்கு ஆச்சரியப்பட அவ்வளவாக நேரமில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துபவர் ஒருவர் வந்து குடையால் குத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், புகைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். காக்கைகள் முதல் நாளே உட்கார்ந்துவிட்டன. துணி காயப்போட்டால் கரி ஒட்டுமோ என்று தயங்கிய பெண்கள், பழைய துண்டொன்றைப் போட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்று தெரிந்ததும் போர்வை வரைக்கும் போனார்கள்.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கார் பழசு. நடுக்குழாய் சைலன்சர் பெட்டிக்குள் போய்ச் சேரும் இடத்தைத் துரு தின்று, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பின்பக்கம் ஒழுங்காக வெளியேற வேண்டிய புகை, பாதி வழியில் வயிற்றுப்பக்கமாக வெளியேறியது. தான் வெளியே வந்துவிட்டதே அதற்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் அபிப்பிராயப்பட்டார். ஊரில் இன்னும் பல கார்களுக்கு அதே இடத்தில் ஓட்டை இருந்தது, அவற்றின் புகை சமர்த்தாகக் கலைந்தது. சர்வேயருடையது மட்டும் நின்றது அவருடைய கெட்ட நேரம்.

கெட்ட நேரம் என்று சொல்லக் காரணம், கோடு போன பாதை. அவர் வீட்டு வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் நேர் சாலை, கோடியில் அவர் அலுவலகம். கோடு இடப்பக்கம் திரும்பியது. பாலத்தைத் தாண்டி, பட்டறைத் தெருவுக்குள் நுழைந்து, கீழே பட்டறையும் மேலே குடித்தனமுமாக இருந்த ஒரு பச்சை வீட்டை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, அதற்கப்புறமே அலுவலகத்துக்குப் போனது. மாலையிலும் அதே சுற்று. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர் நிலத்தில் ஒரு சாண் கோணலைக்கூடப் பொறுக்காத மனிதரின் சொந்தக் கோடு, ஊர் பார்க்க, இப்படி வளைந்து நெளிந்து கிடந்தது. அந்தப் பச்சை வீட்டு மாடியில் அவர் மகள் இருந்தாள்.

மகள் என்று ஒருத்தி இருப்பதாகவே சர்வேயர் ஒப்புக்கொள்வதில்லை. மூன்று வருடம் முன்பு, கார் சைலன்சர்களை மட்டும் பழுதுபார்க்கும், அதனாலேயே ஊரெல்லாம் ‘சைலன்சர்’ என்று கூப்பிடும் ஒருவனை அவள் கட்டிக்கொண்டாள். படிக்கவைத்த பெண் துருவோடு குடும்பம் நடத்துவதா என்று அவர் வெளியில் குதித்தார். உள்ளே குத்தியது வேறு. அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள், சித்தியிடம் சொல்லியிருந்தாள், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவர் அவர். அந்த வலியை யாரிடமும் சொல்ல வாய் வராமல், உறவுக்காரர்கள் நிறைந்த சாப்பாட்டு மேஜையில், அந்தத் தெருவில் இனித் தன் நிழல்கூட விழாது என்று சொல்லிவைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். பட்டறைத் தெருவில் வெயில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் மட்டுமே அந்தப் பக்கம் காரை ஓட்டினார். அளவுக்காரர் இல்லையா, அதில் ஒரு விரற்கடை பிசகவில்லை.

ஊர் நாகரிகமாக நடந்துகொண்டது. குறுக்கே கோடு நின்றால் குனிந்து போனார்கள், அது யாருடையது, எங்கே போகிறது என்று தெரியாதவர்கள் போலவே குனிந்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் நாக்கு அரித்தது.

“சார், பட்டறைத் தெருவுல புதுசா ரோடு வருதா? தினமும் அளந்துட்டு வர்றீங்களே!”

“அந்தப் பக்கம் டிராபிக் கம்மி,” என்றார் சர்வேயர். அந்த ஊரில் எந்தப் பக்கமும் நெரிசல் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் அவர் மனைவி கேள்வியே கேட்கவில்லை. வாசலில் தொடங்கும் கோட்டில் அவருடைய சட்டைகளையே வரிசையாகக் காயப்போட்டாள். மதியம் வேலையெல்லாம் முடிந்ததும் கோட்டை ஒரு தடவை லேசாக இழுப்பாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் மகள் பதிலுக்கு இழுப்பாள். இருவரும் போனில் பேசிக்கொள்கிறவர்கள்தான், ஆனாலும் அப்படி இழுத்துப் பார்ப்பதில் ஒரு சுகம். சர்வேயருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் வீறாப்பு கொடி கட்டித் தொங்குகிறது என்பதும், ஓட்டையை எப்படியாவது அடைத்தாக வேண்டும் என்பதும்தான்.

பெரிய சர்வீஸ் நிலையத்தில் முன்னாலிருந்து பின்னால் வரை முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு அந்தக் காரையே விற்றால்கூடக் கட்டாது. எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்பவுடர் டின்னை வெட்டி விரித்து, பழைய கோரைப்பாயைப் போட்டுக் காருக்கடியில் மல்லாந்து படுத்தார். கண்ணில் துரு கொட்டக் கொட்டத் தகரத்தைக் குழாயில் சுற்றி, பசை தடவி, இரண்டு கிளாம்ப் போட்டு முடுக்கினார். இரண்டு நாள் கோடு வரவில்லை. மூன்றாம் நாள் வெள்ளை வெளேரென்று வந்தது, பால் மணத்தோடு. ஊர்ப் பூனைகளெல்லாம் அதன் கீழே வரிசையாக நடந்து பச்சை வீட்டைச் சுற்றிவிட்டு வந்தன. அடுத்ததாக, பழைய இரும்புக் கடையில், நசுங்கிய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய குழாயை மலிவாக வாங்கி மாட்டினார். அதில் எங்கோ பொடி ஓட்டைகள் இருந்திருக்கின்றன. கோடு, புள்ளி, கோடு, புள்ளி என்று அவர் தன் வரைபடங்களில் எல்லைக்குப் போடும் குறி மாதிரியே தெருத்தெருவாக நின்றது. அதைக் கழற்றி வீசிவிட்டுப் பழைய குழாயையே மாட்டி, வெப்பம் தாங்கும் நாடாவைக் கட்டுப்போடுவது போல அடுக்கடுக்காகச் சுற்றியபோது, கோடு மார்பளவிலிருந்து எழும்பி மாடி உயரத்துக்குப் போய்விட்டது. பட்டறைத் தெருவில் அது சரியாக மகளின் ஜன்னலை உரசிக்கொண்டு நின்றது. அவள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்ததாம்.

இத்தனைக்கும் ஊரிலேயே சைலன்சர் வேலையைக் குறைந்த செலவில் சுத்தமாகச் செய்கிறவன் அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் இருந்தான். காலையும் மாலையும் மாமனார் கார் படபடவென்று சுற்றிப் போகும்போது, சத்தத்தை வைத்தே ஓட்டை எங்கே, எத்தனை பெரிசு என்று அவன் சொல்லிவிடுவான். ஒரு மணி நேர வேலை, நானே போய்ச் செய்துவிட்டு வரட்டுமா என்று மனைவியிடம் பல தடவை கேட்டான்.

“நீ சும்மா இரு. அந்தச் சத்தம் நின்னுட்டா அவரு வந்ததே எனக்குத் தெரியாது,” என்றாள் அவள்.

வருடாந்திர வாகனச் சோதனை வந்து சேர்ந்தது. ஓட்டைச் சைலன்சரோடு காரை விட மாட்டேன் என்றார் சோதனை அதிகாரி. கோட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சட்டத்தில் அதற்கு இடமில்லை. சத்தத்துக்கு இடமிருந்தது. மாத முடிவுக்குள் சரிசெய்யாவிட்டால் கார் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். சர்வேயர் நாலு பட்டறை ஏறி இறங்கினார். துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் வைத்தால் உருகி ஓட்டை இன்னும் பெரிசாகும் என்று நாலு பேரும் கையை விரித்தார்கள். “இதுக்கு அவர்தான் சார் சரி,” என்று சொல்லிவிட்டு, அவர் யார் என்பதைச் சொல்லாமல் நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்று மாலை சர்வேயர் காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கார் இல்லையென்றால் பாலம் தாண்டி நடந்து போகலாம், தூரம் ஒன்றுமில்லை. ஆனால் நடந்து போனால் அது போய்ப் பார்ப்பது ஆகிவிடும். காரில் போவது வழியில் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று வருடமாக அவர் தன் மானத்தை வைத்துக் காப்பாற்றி வந்தார். அதைவிட, இனி அந்த ஜன்னல் பக்கமே போக முடியாதோ என்று நினைத்தார். உண்மையில் அவர் பயந்துபோனார்.

மறுநாள் மாலை பச்சை வீட்டைச் சுற்றாமல், அதன் முன்னால் காரை நிறுத்தினார்.

“வாங்க மாமா,” என்றான் சைலன்சர், கையைத் துடைத்துக்கொண்டே.

சர்வேயர் அவனைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னார். “சைலன்சர்ல ஓட்டை.”

“தெரியும் மாமா. தினமும் ரெண்டு தடவை கேக்குறேனே.” காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்தவன், நாடாவைப் பிரித்தான், தகரத்தைத் தட்டிப் பார்த்தான். “இந்த டின்னு வேலை யாரு பண்ணது?”

“எவனோ.”

“எவனோ நல்லாத்தான் பண்ணியிருக்காரு.” உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “முழு செட்டெல்லாம் வேணாம் மாமா, வீண் செலவு. முன்பைப்பு கல்லு மாதிரி இருக்கு. பாக்ஸும் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். நடுவுல ஒரு முழம் வெட்டிட்டு, கொஞ்சம் பெரிய பைப்பை மேல சொருகி வெல்டு வெச்சுடறேன்.”

“புகை… சுத்தமா நின்னுடுமா?”

“சுத்தமா. சத்தமும் வராது. நீங்க போறதே தெரியாது.”

மாடிப்படியில் மகள் வந்து நின்றிருந்தாள். சர்வேயர் அவளையும் பார்க்கவில்லை. அதற்குள் வெட்டப்பட்டுக் கீழே விழுந்திருந்த குழாய்த் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலிச் சண்டையில் இரு தரப்பும் கெஞ்சினாலும் ஒரு விரற்கடை விட்டுக்கொடுக்காதவர், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“ஒரு ஊசி போற அளவுக்கு… ஓட்டை விட முடியாதா?”

காருக்கடியிலிருந்து சைலன்சர் தலையை நீட்டினான். “அது மட்டும் முடியாது மாமா. புகை காருக்குள்ள ஏறும், ஆளையே கொன்னுடும். உங்களுக்கு அப்படிச் செஞ்சு குடுக்க மாட்டேன்.”

“ஓட்டை எதுக்குப்பா? வந்தேன்னு எனக்குச் சொல்லத்தானே?” என்றாள் மகள் படியிலிருந்து. “ஏறி வந்து சொல்லுங்க.”

“அவசரமாப் போயிட்டிருக்கேன்மா,” என்றார் சர்வேயர். மூன்று வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

வேலை முடிந்ததும் சைலன்சர் ஈரத்துணியால் குழாய் வாயைப் பொத்திக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். எங்கும் ‘உஸ்’ என்றுகூட வரவில்லை. கார் பூனை மாதிரி போனது. மறுநாள் காலை அது போன வழியில், பழைய உயரத்தில், பழைய பருமனில் கோடு நின்றது. சைலன்சருக்கு அவமானமாகப் போயிற்று. வண்டியைத் திருப்பி வரவழைத்து இரண்டு தடவை அடியில் படுத்துத் தேடினான். ஓட்டை இல்லை. புகை பின்பக்கமாக ஒழுங்காகத்தான் வந்தது, கலையத்தான் மறுத்தது. “உன் வேலைல தப்பில்லப்பா,” என்றார் சர்வேயர். சோதனை அதிகாரியும் அதையே சொன்னார். சான்றிதழில் ‘சத்தம் இல்லை, கசிவு இல்லை, புகை கலையவில்லை, மற்றபடி சரி’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

அதற்கப்புறம் கோடு பச்சை வீட்டைச் சுற்றுவதில்லை. வாசல்வரை போய் நின்றது. சர்வேயர் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பார், வழியில் போகிறவர் அல்லவா. மகள் டீயைக் கார் ஜன்னல் வழியாகக் கொடுப்பாள். அவர் குடித்து முடிக்கும் வரை புகை அங்கேயே சுருண்டு சுருண்டு முடிச்சாகும். இன்னிக்கு முடிச்சு பெரிசு, ரெண்டாவது டீ குடிச்சிருக்காரு என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். மழைக்காலம் வந்து போனது. முடிச்சு தெருவை அடைத்துக்கொண்டதால் பேருந்தை அடுத்த தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள், அதற்காக யாரும் மனு கொடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை மகள் டீயோடு கீழே வரவில்லை. ஜன்னலில் நின்று, “டீ மேலதான்பா இருக்கு,” என்று மட்டும் சொன்னாள். சர்வேயர் உட்கார்ந்தே இருந்தார். பட்டறைத் தெருவில் வேடிக்கை பார்ப்பதற்காகச் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெயில் ஏறி, காரின் நிழலும் அதற்குள் அவருடைய நிழலும் நடுத்தெருவில் நன்றாக விழுந்தன. அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், அவர் மனைவி கோட்டில் கை வைத்துப் பார்த்தாள். தினமும் அந்த நேரத்தில் எஞ்சின் அதிர்வு அதில் தெரியும். இன்று தெரியவில்லை. அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, புடவையைச் சரிசெய்துகொண்டு, கோட்டைப் பிடித்தபடியே நடக்க ஆரம்பித்தாள். வழி தெரியாமல் இல்லை, பிடித்துக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது. வழியெங்கும் கோட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் கை வரும்போது பெண்கள் தங்கள் துணியைத் தூக்கி வழிவிட்டார்கள், அவள் தாண்டிப் போனதும் மறுபடி விரித்துப் போட்டார்கள்.